பழைய ஃபோர் வீலுக்கு முன் ஆக்சில் லாக்கர்: வாங்கும் முன் தெரிஞ்சுக்கோங்க

கேமரன் மலைக்குப் போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு சேற்றுப் பாதையில் இறங்கிவரும் பழைய லேண்ட் ரோவர்களை அங்கே இன்றும் பார்க்கலாம். அப்படி ஒரு வண்டியோ, 1990களின் ஹைலக்ஸோ அப்பாவிடமிருந்து உங்கள் கைக்கு வந்திருக்கலாம்.

மழை பெய்தால் வண்டி சேற்றில் மாட்டிக்கொள்கிறது. "முன்னாடி ஒரு லாக்கர் போடு, எல்லாம் சரியாயிடும்" என்று நண்பர்கள் சொல்வார்கள்.

சரியாகுமா? ஆகலாம். ஆனால் வண்டிக்குப் பொருந்தாத லாக்கரைப் போட்டால் செலவும் வீண், ஈரமான மலைச்சாலையில் ஸ்டீயரிங்கும் சொன்னபடி கேட்காது. அதனால் பணம் கட்டும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுவோம்.

நாலு சக்கரமும் இழுக்குதே, அப்புறம் ஏன் மாட்டிக்குது?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம் போதும். இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் ஒவ்வோர் ஆக்சிலிலும் டிஃபரென்ஷியல் இருக்கிறது.

தார்ச்சாலையில் இது அருமையாக வேலை செய்யும். சேற்றில்தான் சிக்கல். சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் வழுக்கினால், அதைச் சுற்ற மிகக் குறைந்த விசையே போதும். அதே குறைந்த விசைதான் பிடிப்புள்ள மறுசக்கரத்துக்கும் போகும். ஆக, முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் வழுக்கினால் போதும், ஃபோர் வீல் வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

லாக்கர் இரு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மறுசக்கரம் வண்டியை இழுக்கும்.

முதல்ல முன்னாடியா, பின்னாடியா?

மேடு ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். பின்னால் காய்கறியோ உரமூட்டையோ இருந்தால் இன்னும் அதிகமாகச் சாயும். எடை இருக்கும் இடத்தில்தான் பிடிப்பு இருக்கும். அதனால் சுமை ஏற்றும் வண்டிக்கு முதல் லாக்கர் பின் ஆக்சிலில் போவதே பெரும்பாலும் நல்லது.

அதற்கும் முன்பு டயரைப் பாருங்கள். பட்டன் தேய்ந்த டயரோடு எந்த லாக்கரும் போராட முடியாது. சுமை இல்லாத வண்டியில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தாலே சேற்றில் பெரிய வித்தியாசம் தெரியும். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் மறக்காமல் காற்றை ஏற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்தும் வண்டி ஏறவில்லையா? பள்ளத்திலிருந்து முன்சக்கரங்கள்தான் இழுத்து ஏற்ற வேண்டியிருக்கிறதா? அப்போதுதான் முன் லாக்கர் பேச்சு.

முன் ஆக்சில் ஏன் வேற மாதிரி?

ஏனென்றால் இந்தச் சக்கரங்கள் வண்டியைத் திருப்பவும் செய்கின்றன. முன் ஆக்சில் பூட்டியிருந்தால் இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே முயலும். சேற்றில் அதைச் சமாளிக்கலாம். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து.

என்னென்ன வகை இருக்கு?

• எல்எஸ்டி: உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் இரு பக்கத்துக்கும் உள்ள வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும். முழுதாகப் பூட்டாது. தட்டுகள் தேயும், அதற்கென உள்ள எண்ணெயும் தேவை. முன்னால் போட்டால் ஸ்டீயரிங் கனக்கும்.

• ஹெலிக்கல் கியர் வகை: டோர்சன், ட்ரூட்ராக் போன்றவை. கிளட்ச் கிடையாது, கியர்களே வேலையைச் செய்யும். சாலையில் மென்மையாக நடந்துகொள்வதால் முன் ஆக்சிலுக்கு ஒத்துவரும். ஒரு குறை: சக்கரம் முழுதாகக் காற்றில் தூக்கிவிட்டால் உதவி குறைந்துவிடும். பிரேக்கை லேசாக மிதித்தால் ஓரளவு மீளலாம்.

• ஆட்டோமேட்டிக் லாக்கர்: லாக் ரைட் போன்றவை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பூட்டும். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகச் சுற்றினால் விடுவிக்கும். பழைய டிஃபரென்ஷியல் கூட்டுக்குள்ளேயே பொருத்தும் வகைகள் உண்டு, அதனால் செலவு குறைவு. ஆனால் ஃபோர் வீலில் ஓடும்போது ஸ்டீயரிங்கை நன்றாகவே இழுக்கும்.

• சுவிட்ச் லாக்கர்: காற்றழுத்தத்தாலோ மின்சாரத்தாலோ இயங்கும். ஆஸ்திரேலிய நிறுவனமான ஏஆர்பியின் ஏர் லாக்கர் இந்த வகை. சுவிட்ச் போடாதவரை சாதாரண டிஃபரென்ஷியல். போட்டால் முழுப் பூட்டு. விலை அதிகம். ஏர் லாக்கர் என்றால் கம்ப்ரெஸர், காற்றுக்குழாய் எல்லாம் வேண்டும். குழாய் கிழிந்தால் லாக்கர் வேலை செய்யாது.

உங்க வண்டி எந்த வகை?

விடையை முடிவு செய்வது இந்தக் கேள்விதான்.

லீஃப் ஸ்பிரிங் கொண்ட லேண்ட் ரோவர் சீரிஸ் 2, சீரிஸ் 3, பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் தேவைப்படும்போது மட்டும் நீங்கள் ஃபோர் வீலைப் போடுவீர்கள். முன்சக்கரங்களில் ஃப்ரீ வீலிங் ஹப்பும் இருந்தால், அதைத் திறந்து வைத்து ஓட்டும்போது முன் ஆக்சில் லாக்கர் இருப்பதே தெரியாது. இப்படிப்பட்ட வண்டிக்குக் குறைந்த செலவில் ஆட்டோமேட்டிக் லாக்கரையும் யோசிக்கலாம்.

டிஃபென்டரில் கதை வேறு. அதில் நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும். முன்னால் ஆட்டோமேட்டிக் லாக்கர் போட்டால் அதன் இழுப்பைத் தார்ச்சாலையிலும் தினமும் அனுபவிக்க வேண்டும். இதற்கு ஹெலிக்கல் கியரோ சுவிட்ச் லாக்கரோதான் சரி.

பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று: டிஃபென்டரில் ஏற்கெனவே "டிஃப் லாக்" இருக்கிறதே என்பார்கள். அது முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் இணைக்கும் நடு டிஃபரென்ஷியலைத்தான் பூட்டும். இடது, வலது சக்கரங்களை அது பூட்டாது.

லாக்கர் போட்டாச்சு, அடுத்து எது உடையும்?

கேட்க வேண்டிய கேள்வி இது. முன் ஆக்சில் பூட்டியிருக்கும்போது, அந்த ஆக்சிலின் மொத்த விசையும் பிடிப்புள்ள ஒரே சக்கரத்துக்குப் போகலாம். அதைத் தாங்க வேண்டியது ஷாஃப்டும், சக்கரத்தைத் திரும்பவிடும் மூட்டும். முப்பது வயதான மூட்டு அது! ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிக்கொண்டு ஆக்சிலரேட்டரை அமுக்கினால் அந்த மூட்டுதான் முதலில் போகும்.

அதனால்:

• லாக்கரைப் போடும் முன் சக்கரங்களை முடிந்தவரை நேராக வையுங்கள்.
• ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பிய நிலையில் மெதுவாக மிதியுங்கள்.
• தடையைத் தாண்டியதும் உடனே அணைத்துவிடுங்கள்.
• வழுக்கும் இறக்கத்தில் முன் லாக்கரைப் போட்டு ஓட்ட வேண்டாம். வண்டி திரும்ப மறுக்கும்.

பட்டறைக்குப் போகும் முன்

1. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்னால் "டக் டக்" சத்தம் வந்தால் மூட்டு தேய்ந்திருக்கலாம். முதலில் அதை மாற்றுங்கள்.

2. டிஃபரென்ஷியல் எண்ணெயை இறக்கிப் பாருங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள் நிறைய இருந்தால் கியர் தேய்கிறது.

3. ஷாஃப்டின் பல் எண்ணிக்கையும் கியர் விகிதமும் தெரியாமல் லாக்கர் ஆர்டர் செய்யாதீர்கள். பழைய வண்டிகளில் ஆக்சில் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கலாம். திறந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு.

4. ஏர் லாக்கர் போன்றவற்றைப் பொருத்தும்போது கியர்களின் இடைவெளியை நுணுக்கமாக அளந்து அமைக்க வேண்டும். அந்த அனுபவம் உள்ள பட்டறையா என்று கேளுங்கள். அளவு தவறினால் கியர் ஊளையிடும், பிறகு உடையும்.

5. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யிடமும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும் இந்த மாற்றம் பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் தாமதம்.

சுருக்கமா சொன்னா

தோட்டத்துக்குச் சுமை ஏற்றும் வண்டியா? டயர், பிறகு பின் லாக்கர். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிக்கு முன்னால் போட வேண்டுமா? ஹெலிக்கல் கியர், இல்லையென்றால் சுவிட்ச் லாக்கர். ஃப்ரீ வீலிங் ஹப் உள்ள வண்டியா? ஆட்டோமேட்டிக் லாக்கரும் ஒரு வழி.

எதுவானாலும் பட்ஜெட்டில் ஒரு பங்கைப் பழைய மூட்டு, சீல், பேரிங் மாற்ற ஒதுக்கி வையுங்கள். பல வண்டிகளில் அந்த வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டியிருக்கும்.