எரிமலை இல்லாத மலையகம்: மாணவர் கண்டறிய வேண்டியவை

கொட்டகலை, தலவாக்கலை மலைகள் எரிமலை கக்கி உருவானவை அல்ல. இலங்கையில் இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. திருகோணமலை கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் எரிமலையால் சூடானவை அல்ல. ஆழத்துக்கு இறங்கிய மழைநீரே நிலத்தின் வெப்பத்தை ஏற்று மேலே வருகிறது.

மலையகத்தில் இருப்பவை பெரும்பாலும் உருமாறிய பாறைகள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறியவை. ஹட்டன் - நுவரெலியா வீதியில் நின்றே டெவோன் (97 மீற்றர்), சென் கிளயார் (80 மீற்றர்) நீர்வீழ்ச்சிகளில் இத்தகைய பாறைகளைப் பார்க்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாறையை விட அதன் மேலுள்ள மண் முக்கியம். மழையும் வெயிலும் பாறையைச் சிதைத்து மண்ணாக்குகின்றன. செங்குத்தான சரிவில் அந்த மண் தொடர்மழையில் நீரை உறிஞ்சி, பாரம் கூடி, பிடிப்பிழந்து சரிகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன.

நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள், சாயும் மரங்கள், மின்கம்பங்கள், திடீரெனத் தோன்றும் அல்லது கலங்கும் ஊற்றுகள் ஆகியவை மண்சரிவின் முன்னறிகுறிகள். கல்விச் சுற்றுலாவில் இவற்றை அடையாளம் காணப் பழகிய பிள்ளை, அடைமழை நாளில் தன் லயனில் உள்ளவர்களை நேரத்தோடு வெளியேறச் சொல்லும்.