குளிர்காய்ந்தவர்கள்

குளிர்காய்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வது. இன்னொன்று, அடுத்தவர் கஷ்டத்தில் சுகம் காண்பது. லண்டன் நகரம் விறகை விட்டு நிலக்கரிக்கு மாறிய வரலாற்றைப் படித்தால், இந்த இரண்டு அர்த்தங்களும் ஒரே அறையில்தான் இருந்தன என்று தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிலக்கரியை யாரும் ஆசைப்பட்டு வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சுண்ணாம்புக் காளவாய்களில் அதை எரிக்கக் கூடாது என்று மன்னர் முதலாம் எட்வர்ட் உத்தரவு போட்டார். நாற்றம் அப்படி. வடக்கே நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்ததால் அதற்குக் ‘கடல் கரி’ என்று பெயர். வசதியானவர்கள் விறகுதான் எரித்தார்கள்.

சரி, பிறகு ஏன் மாறினார்கள்? ஊர் பெருத்துவிட்டது. 1600 வாக்கில் லண்டனில் சுமார் 2 லட்சம் பேர். 1700இல் 5 லட்சத்துக்கும் மேல். பக்கத்துக் காடுகளின் விறகு கட்டுப்படியாகவில்லை. தூரத்திலிருந்து வண்டியில் ஏற்றினால் கூலியே விறகு விலையைத் தாண்டிவிடும். கப்பலில் வந்த கரி மலிவு. அவ்வளவுதான் காரணம்.

ஆனால் எரிபொருளை மாற்றுவதற்கு வீட்டையே மாற்ற வேண்டியிருந்தது. பழைய வீடுகளில் கூடத்தின் நடுவில் நெருப்பு எரியும்; புகை கூரை வழியே தானாக வெளியேறும். விறகுப் புகையோடு எப்படியோ வாழ்ந்துவிடலாம். கந்தகம் கலந்த கரிப்புகையோடு முடியாது. அதோடு, விறகு தரையில் கிடந்தே எரியும். கரிக்கு அடியிலிருந்து காற்று வேண்டும். எனவே இரும்புக் கிராதி வந்தது, செங்கல் புகைபோக்கி வந்தது. தங்கள் காலத்தில் புகைபோக்கிகள் எப்படிப் பெருகிவிட்டன என்று தன் ஊர்க் கிழவர்கள் வியந்ததை 1577இல் வில்லியம் ஹாரிசன் எழுதியிருக்கிறார்.

எரிகிற இடத்தில் அரசாங்கமும் கை நீட்டியது. 1662இல் ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி. 1666இன் பெருந்தீக்குப் பிறகு லண்டனுக்கு வந்த கரிமீது போட்ட வரியில்தான் புனித பால் தேவாலயம் எழுந்தது. பின்னாளில் அதே கரிப்புகை அந்தத் தேவாலயத்தின் வெள்ளைக் கல்லைக் கறுப்பாக்கியது.

1661இல் ஜான் ஈவ்லின் லண்டன் புகையைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதி மன்னருக்குக் கொடுத்தார். அவர் குற்றம் சாட்டியது மது வடிப்பவர்களையும், சாயக்காரர்களையும், சுண்ணாம்பு சுடுபவர்களையும்தான். வீட்டு அடுப்பை விட்டுவிட்டார். அவரவர் அடுப்புப் புகை அவரவர் கண்ணுக்குத் தெரிவதில்லை போல.

புகை மேலே போய்விடும். புகைபோக்கிக்குள் படிகிற கரியை என்ன செய்வது? குழாய்கள் குறுகலானவை, வளைந்து வளைந்து போகும். பெரியவர்கள் நுழைய முடியாது. ஏழை வீட்டுச் சிறுவர்கள் நுழைந்தார்கள். முழங்கையாலும் முழங்காலாலும் உந்தி ஏறினார்கள். சிலர் சிக்கி மூச்சுத் திணறிச் செத்தார்கள். இந்தத் தொழிலாளர்களுக்கு வரும் விதைப்பைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். ஒரு தொழிலையும் புற்றுநோயையும் இணைத்துப் பார்த்த முதல் பதிவு அது.

1788இல் சட்டம் வந்தது: 8 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்குச் சேர்க்கக் கூடாது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 1803இலேயே நீண்ட கழியில் பொருத்திய தூரிகை தயாராகிவிட்டது. ஆனாலும் பையனை ஏற்றுவதையே பல வீட்டுக்காரர்கள் விரும்பினார்கள். 1819இல் தடை மசோதாவைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. 1875இல் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஒரு மருத்துவமனைப் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்த பிறகுதான் இந்தக் கொடுமையை நிறுத்தும் சட்டம் பிறந்தது. முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் நடுவே 87 வருடம்.

இத்தனைக்கும், திறந்த கணப்பில் எரியும் கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குத்தான் போகும். ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் மூடிய அடுப்புகள் வைத்தார்கள். ஆங்கிலேயர்களுக்கு நெருப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். தணலைச் சுற்றிக் குடும்பம் உட்கார்ந்தால்தான் அவர்களுக்கு வீடு வீடாக இருந்தது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையவில்லை. நல்ல குளிர், எல்லா வீட்டிலும் கணப்பு எரிந்தது. நல்ல கரி ஏற்றுமதிக்குப் போனது. வீடுகளுக்கு மட்டமான கரிதான் கிடைத்தது. புகை கலையாமல் தெருவிலேயே தங்கியது. அரங்குக்குள் புகை புகுந்து ஓர் இசை நாடகம் பாதியில் நின்றது. முதல் கணக்கில் 4,000 பேர் இறந்தார்கள். அடுத்த மாதங்களையும் சேர்த்த பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. குழந்தைகளும் வயதானவர்களும்தான் அதிகம். இந்த முறை புகையை அனுப்ப வேறிடம் இல்லை. காய்ந்தவர்களும் மூச்சுவிட்டவர்களும் ஒரே ஆட்கள்.

1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையில்லாப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. கணப்பை மாற்ற உதவித்தொகையும் கிடைத்தது. சிறுவர்களுக்காக 87 வருடம் காத்திருந்த நாடாளுமன்றம், இதற்கு எடுத்துக்கொண்டது 4 வருடம்.