கருப்பை நார்க்கட்டி அகற்றம்

கருப்பையைக் காப்பாற்றிக்கொண்டு, அதில் வளர்ந்த நார்க்கட்டிகளை மட்டும் வெட்டியெடுக்கும் அறுவை மருத்துவம். மருத்துவர் வழக்கில் மயோமெக்டமி. ஃபைப்ராய்டு என்று பரவலாக அறியப்படும் இக்கட்டி கருப்பைத் தசையிலிருந்து தோன்றுவது; புற்றுநோய் அன்று. பல பெண்களுக்கு இது இருப்பதே தெரியாது. மிகையான உதிரப்போக்கு, இரத்தசோகை, சிறுநீர்ப்பை அழுத்தம், கருச்சிதைவு போன்ற தொல்லைகள் நேரும்போதே அறுவை தேவைப்படும்.

வரலாறு: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லாங்காஸ்டர் நகரில் மருத்துவர்களாயிருந்த வாஷிங்டன் அட்லீ, ஜான் அட்லீ சகோதரர்கள் 1844-இல் வயிற்றைத் திறந்து நார்க்கட்டியை அகற்றி வெற்றி கண்டனர். ஈதர் மயக்கம் பொதுவில் நிறுவப்பட்டது 1846-இல்தான் என்பதை நினைத்தால் அந்தத் துணிவு விளங்கும். ஆயினும் இரத்தப்போக்குக்கும் சீழ்பிடிப்புக்கும் அஞ்சிய மருத்துவர்கள் நெடுங்காலம் கருப்பையையே எடுத்துவிடுவதை எளிதெனக் கருதினர். இப்போக்கை எதிர்த்து நின்றவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் பானி (1872–1953). அவருடைய மனைவிக்கே நார்க்கட்டியால் கருப்பை அகற்றப்பட்டது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிள்ளைப்பேறு விரும்பும் பெண்ணிடமிருந்து தீங்கற்ற ஒரு கட்டிக்காகக் கருப்பையைப் பறிப்பது தகாது என அவர் வாதிட்டது முற்றிலும் சரி. கருப்பைத் தமனிகளை அறுவை முடியும்வரை இறுக்கிப்பிடிக்கும் கவ்வி ஒன்றை அவர் வடிவமைத்தார்; அது இன்றும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. ஒரே கருப்பையிலிருந்து 200-க்கும் மேற்பட்ட கட்டிகளை எடுத்து, அதைத் தைத்து ஒழுங்குபடுத்தியதும் அவரே. தம் நுணுக்கங்களை 1946-இல் தனி நூலாக வெளியிட்டார்.

முறைகள்: கட்டி இருக்கும் இடமே வழியைத் தீர்மானிக்கிறது. பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2011-இல் வெளியிட்ட வகைப்பாடு 0 முதல் 8 வரை எண்ணிடுகிறது. 0 என்பது கருப்பைக் குழிக்குள் காம்புடன் தொங்குவது. 4 சுவருக்குள்ளேயே முழுதும் புதைந்தது. 7 வெளிப்புறம் காம்புடன் நிற்பது. குழிக்குள் துருத்தும் கட்டிகளை, கருப்பை வாய் வழியே உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, வயிற்றில் கீறலின்றி எடுக்கலாம். பெரியவற்றுக்கும் எண்ணிக்கையில் மிகுந்தவற்றுக்கும் வயிற்றைத் திறப்பதே ஏற்றது. மற்றவை இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ துணையுடன் செய்யப்படுகின்றன.

சுவரை ஆழமாகத் திறந்திருந்தால் அடுத்த பிரசவத்துக்குச் சிசேரியன் பரிந்துரைக்கப்படும். கருப்பை எஞ்சியிருப்பதால் புதிய கட்டிகள் தோன்றக்கூடும்.