மேசையில் அசாயே, மேசைக்கு அடங்காத காளையார்கோயில்

1812-இல் பிரஷ்ய அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்திடம் ஒரு மேசை வந்து சேர்ந்தது. இழுப்பறைகள் வைத்த மேசை. சாந்தில் வார்த்து வண்ணம் பூசிய சதுரத் துண்டுகளை அதன்மேல் அடுக்கினால் குன்றும் ஆறும் சாலையும் ஊரும் எழும். பீங்கான் காய்கள்தான் படை. செய்தவர் ரைஸ்விட்ஸ் என்ற அரசு அலுவலர். ஆறு ஆண்டுகளுக்கு முன் யேனாவில் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யா, அப்போது அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. தோற்ற அரண்மனையில் போர் விளையாட்டுக்கு மவுசு கூடியதில் வியப்பில்லை.

அந்த மேசையின் பாட்டன் நம் சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையோடு பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போன ஆட்டத்தை, 1780-இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் 1,617 கட்டங்களாக விரித்தார். நிலத்தின் தன்மைக்கு ஏற்பக் கட்டங்களுக்கு வண்ணமும் தீட்டினார். 1797-இல் வெண்டுரினி அதை 3,600 கட்டமாக்கினார். கட்டம் பெருகப் பெருக ஆட்டம் கனத்ததே தவிர, போரை நெருங்கவில்லை.

நெருங்க வைத்தவர் ரைஸ்விட்ஸின் மகன். ராணுவ அதிகாரியான அவர் 1824-இல் வெளியிட்ட விதிகளில் கட்டமே இல்லை. 1:8000 அளவில் வரைந்த நிலப்படத்தின் மேல் காய்கள் நகர்ந்தன. ஒரு முறை நகர்த்துவது களத்தில் 2 நிமிடத்துக்குச் சமம். சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதைப் பகடை சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடுவர் உண்டு: இரு தரப்பும் கட்டளைகளை அவரிடம் தர வேண்டும், எதிரியின் கண்ணுக்குத் தெரியும் படையை மட்டுமே அவர் படத்தில் வைப்பார். பிரஷ்யத் தலைமைத் தளபதியகத்தின் தலைவர் முஃப்லிங் இதைப் பார்த்து வியந்து, படை முழுவதுக்கும் பரிந்துரைத்தார். 1815-இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ களத்தில் ஆங்கிலத் தளபதி வெலிங்டனுடன் பிரஷ்யத் தொடர்பு அதிகாரியாக நின்றவர் அவர். தலைமையகத்துக்கு வரும் செய்தி எவ்வளவு அரைகுறையானது என்பதை அனுபவித்தவருக்கு, நடுவரின் அருமை சட்டென்று புரிந்திருக்கும்.

இங்கிலாந்தில் கதை வேறு வழியில் போனது. 1830-இல் வாட்டர்லூவின் மாதிரி ஒன்றைச் செய்யும் பணியை ஏற்ற வில்லியம் சைபோர்ன், அந்தக் களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார்; போரிட்ட அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, மாலை 7 மணிக்கு யார் எங்கே நின்றார்கள் என்று விசாரித்தார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்த மாதிரியில் 70,000-க்கும் மேற்பட்ட உலோகச் சிப்பாய்கள். பிரஷ்யர்களுக்கு அதில் கிடைத்த இடம் வெலிங்டனுக்குப் பிடிக்கவில்லை. பொம்மை வைப்பதிலும் அரசியல் உண்டு!

ஜெர்மன் விதியும் ஆங்கிலப் பொம்மையும் பின்னால் ஒன்றுசேர்ந்தன. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ ஸ்பிரிங் பீரங்கியால் பொம்மைச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தும் வீட்டு விளையாட்டு. 1962-இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் நூல் வந்தபின் அது பெரியவர்களின் பொழுதுபோக்காக வேர்விட்டது. ஒரு பொம்மை 20 அல்லது 33 பேருக்குச் சமம் என்பது போன்ற கணக்குகள் வந்தன. நெப்போலியன் காலம் இவர்களுக்கு வாகான களம்: வண்ணச் சீருடை, காலாள்–குதிரை–பீரங்கி என்ற மூன்று படை, திறந்த வெளியில் அணிவகுத்து மோதும் முறை.

அந்தக் காலத்துப் போர்களில் மேசைக்காரர்கள் விரும்பி ஆடும் ஒன்றில் சென்னை ராஜதானிச் சிப்பாய்கள் இருக்கிறார்கள். 1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அசாயே. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி ஏறக்குறைய 4,500 பேரோடு மராத்தியத் தலைவர் சிந்தியாவின் பெரும்படையை எதிர்கொண்டார். ஸ்காட்லாந்துக் காலாட்படைகள் இரண்டும் ஆங்கிலக் குதிரைப்படை ஒன்றும் நீங்கலாக, மற்றவர்கள் பெரும்பாலும் சென்னைக் காலாளும் குதிரை வீரரும். எதிரே போல்மன் என்ற ஹனோவர்க்காரர் பழக்கிய காலாள் மட்டும் 10,000-க்கு மேல். ஒரு பொம்மைக்கு 20 பேர் என்றால், இந்தப் பக்கம் 225 பொம்மை, அந்தப் பக்கம் காலாளுக்கே 500-ஐத் தாண்டும்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. கைத்னா ஆற்றைக் கடக்க, எதிரிக்கு முன்னால் இருந்த துறையைத் தவிர வேறு துறை இல்லை என்றார்கள் வழிகாட்டிகள். இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் இருப்பதைப் பார்த்த வெல்லெஸ்லி, நடுவே துறை இல்லாமல் இப்படி ஊர் அமையாது என்று ஊகித்தார், ஊகம் பலித்தது. மேசையில் துறையை வரைந்து வைத்தால் அந்த ஊகத்துக்கு வேலையில்லை. வரையாவிட்டால் அங்கே போக ஆட்டக்காரருக்குக் காரணமில்லை. அதே நாளில், முன்காவல் அணி கட்டளையை மீறி வலப்புறம் அதிகம் விலகியதால், பின்தொடர்ந்த 74-ஆம் படைப்பிரிவு அசாயே ஊரின் பீரங்கிகளுக்கு முன் சிக்கிச் சிதைந்தது. தெரிந்தே இந்தத் தவறைச் செய்ய எந்த ஆட்டக்காரரும் முன்வர மாட்டார். கட்டளை போய்ச் சேருமா, சரியாகப் புரியுமா என்பதற்கும் பகடை உருட்டும் விதிகள் இதற்காகத்தான் பிறந்தன.

அசாயேக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அதே சென்னைப் படை சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களுக்கு எதிராக நடத்திய போரை இந்த விதிகளால் பிடிக்க முடியாது. 1801 ஜூலை இறுதியில் கர்னல் அக்னியூவின் படை, சின்ன மருதுவின் ஊரான சிறுவயலை அடைந்தது. ஊர்க்காரர்களே வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்து மருதுவின் அரணான காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் படையினர் முயன்றார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் மரம் வெட்டியும் போய்ச்சேர முடியாமல், செப்டம்பர் தொடக்கத்தில் ஒக்கூருக்குத் திரும்பினார்கள். இந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள், ஆங்கிலேயர் பக்கத்தின் முக்கியச் சான்று. வளரி எறியத் தனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

அணிவகுப்பே இல்லாத இடத்தில் அணிவகுப்பு விதி என்ன செய்யும்? வலையபட்டி முதலான செட்டிநாட்டு ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பலகை தெரியும்: ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு. இரு பக்கத்துக்கும் காய் வேறு, நடை வேறு, வெற்றியும் வேறு. புலி வெட்ட வேண்டும், ஆடு வழியை அடைத்தால் போதும். சதுரங்கத்தின் சமநிலையை மூலமாகக் கொண்ட ஐரோப்பிய மேசையைவிட, சிறுவயல் காட்டுக்கு இந்தப் பலகையின் தர்க்கம் பொருந்தும்.

ஆனாலும் அதுவும் பாதி வழிதான். காட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி வென்றது கோடாரியால் அல்ல. செப்டம்பர் 12-இல் சோழபுரத்தில் படமாத்தூர் கௌரி வல்லப உடையணத் தேவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அது அறிவித்தது. மருதுவின் பக்கம் நின்றவர்களில் பலர் விலகத் தொடங்கினார்கள். அக்டோபர் 1-இல் பல திசைகளிலிருந்து புகுந்த படையிடம் காளையார்கோயில் வீழ்ந்தது. இதை மேசையில் ஆட நினைப்பவர், ஆட்டின் காய்களில் சில நடுவில் புலியின் பக்கம் போக இடம் தரும் விதி ஒன்றை முதலில் எழுத வேண்டியிருக்கும்.