ஒரு மணிக்கூட்டின் முதுசொம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி கைமாறுவதென்றாலும், பழைய உறுதிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, இன்னார்க்குச் சீதனமாகப் போனது, இன்னாரிடமிருந்து விலைக்கு வாங்கியது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பின்னரே நொத்தாரிசு பேனாவைத் தொடுவார். பழைய மணிக்கூடுகளைச் சேகரிக்கும் மேனாட்டுச் செல்வர்கள் செய்வதும் இதுவே. உள்ளிருக்கும் சக்கரங்களும் மேலிருக்கும் வெள்ளியும் ஒருபுறமிருக்க, அஃது யார் யார் கையில் இருந்தது என்பதற்கே அவர்கள் பெருவிலை கொடுக்கிறார்கள். அத்தகைய மணிக்கூடொன்றின் உரிமை வழியை இன்று ஆராய்வோம். கையிற் கட்டுவதன்று அது, இடையிற் செருகுவது. காந்தியடிகளுடையது.

அடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் நம் குடாநாட்டுக்கு வந்தார். யாழ்ப்பாண மாணவர் காங்கிரசின் அழைப்பும், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியும் அவரை இங்கு கொணர்ந்தன. கதர் நிதி திரட்டுவதே வருகையின் நோக்கம். தமக்கு அளிக்கப்பெறும் பேழைகளையும் பரிசுகளையும் மேடையிலேயே ஏலங்கூறி, அப்பணத்தை நிதியிற் சேர்ப்பது அவர் வழக்கம். பின்னால் வரப்போகும் ஏலத்தை நோக்கும்போது இதை மறவாதிருத்தல் நன்று.

மணிக்கூடு சுவிற்சர்லாந்தின் ஸெனித் கம்பனி செய்த வெள்ளி மணிக்கூடு. குறித்த வேளையில் மணியடித்து எழுப்பும் அமைப்பும் அதில் உண்டு. விடியுமுன் எழுந்து பிரார்த்தனை செய்பவருக்குப் பொருத்தமான பொருள்தான். ஜவகர்லால் நேருவின் மகள் இந்திரா அதனைப் பரிசாக அளித்தார். 1947இல் ரயிற் பயணமொன்றின்போது அது களவு போயிற்று. சில திங்கள் கழித்துக் களவாடியவனே வந்து, மன்னிப்புக் கேட்டு, அதனைத் திருப்பிக் கொடுத்தான். பின்னர் அடிகள் அதனைத் தம் பேர்த்தி முறையான ஆபாவுக்குக் கொடுத்தார். 1948 சனவரி 30ஆந் திகதி மாலை, பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதே என்று ஒரு மணிக்கூட்டை எடுத்து அடிகளுக்குக் காட்டியவரும், அவர் சுடப்பட்டபோது அருகில் நின்றவரும் இந்த ஆபாவே.

ஆண்டுகள் பல சென்றன. மணிக்கூடு அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்பவரிடம் சேர்ந்தது. 2009 மார்ச் 5ஆந் திகதி, நியூயோர்க் நகரில் அன்ரிகோரம் என்னும் ஏல நிறுவனம், அடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு அதனையும் ஏலத்தில் வைத்தது. மதிப்பிட்ட விலை இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் டொலர். இந்தியாவில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அடிகள் நிறுவிய நவஜீவன் அறநிலையம் தில்லி உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றது. அந்த உத்தரவு நியூயோர்க்கை எட்டவில்லை. இந்திய அரசாங்கம் ஏழைகளுக்காகக் கூடுதலாகச் செலவிடுமாயின் பொருள்களைத் தந்துவிடுவேன் என்றார் ஓட்டிஸ், அரசாங்கம் இசையவில்லை. இறுதி நேரத்தில் அவரே பின்வாங்க முனைந்தும் ஏலம் நிற்கவில்லை. 18 இலட்சம் டொலருக்கு அவற்றை எடுத்தவர் விஜய் மல்லையா. மதுவிலக்குக்காக வாழ்நாளெல்லாம் வாதாடியவரின் மணிக்கூட்டை மதுவாணிபச் செல்வர் ஒருவர் மீட்டுத்தந்தார் என்று இந்தியா மகிழ்ந்ததைச் சரித்திரத்தின் குறும்பென்றே சொல்லலாம்.

இனி நம் தேசவழமையைக் கொண்டு இவ்வழக்கைப் பார்ப்போம். ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுக்க, பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட 1707ஆம் ஆண்டுத் தொகுப்பு அது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பொருளைப் பிரித்து, அது வந்த வழியைக் கேட்டே அதற்குரியவரைச் சொல்வது அதன் முறை. நம் மணிக்கூடு அடிகளுக்கு நன்கொடையாக வந்தது. ஆபாவுக்கும் நன்கொடையாகவே போயிற்று. இடையிலே நேர்ந்த களவு உரிமையை அறுப்பதில்லை. கள்வனே கொண்டுவந்து கொடுத்தபின் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே கொடுத்தவர்க்கும் பெற்றவர்க்கும் இடையே குறையொன்றும் இல்லை. விற்பவர் உரிமையும் சட்டத்தின்படி நிற்கக்கூடியதே.

எனினும் நம் முன்னோர் மற்றொரு விதியும் வைத்தனர். காணியை விற்க நினைப்பவன் முதலில் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயலவருக்கும் அறிவித்து, அவர்கள் வேண்டாமென்ற பின்னரே பிறருக்கு விற்கவேண்டும். அசையாப் பொருளுக்கான விதியை இடையிற் செருகும் மணிக்கூட்டுக்கு நீட்டுவது வழக்கறிஞர் ஏற்கும் வாதமன்று. ஆயினும் நியூயோர்க்கில் இல்லாமற்போனது அந்த விதிதான் என்பது என் துணிபு. உறவினரும் அந்நியரும் ஒரே கூடத்தில், ஒரே கூவலில் போட்டியிட நேர்ந்தது.

அடிகள் 1944இல் வேறோர் அன்பருக்குக் கொடுத்த இன்னொரு மணிக்கூடு, அக்குடும்பத்தில் பேரன் வரை இறங்கி, 2020 நவம்பரில் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் 12,000 பவுணுக்கு விலைபோயிற்று. அங்கே குடும்பத்தின் வாய்ச்சொல்லே உறுதியாக நின்றது.

நம் வீடுகளிலும் பாட்டனாரின் மணிக்கூடுகள் உண்டு. மலாயா றெயில்வேயில் வேலைபார்த்துத் திரும்பியவர் கொண்டுவந்தது, கலியாணத்தில் மாமனார் மாப்பிள்ளைக்குப் போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, காணி உறுதிகளைப் பையிலிட்டு மார்போடு அணைத்துச் சென்றோர் பலர். மணிக்கூட்டுக்கு உறுதி எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதன் உரிமை வழி அதைப் பூட்டிவைத்த கிழவரின் நினைவில் மட்டுமே இருந்தது. அந்தக் கிழவர்களிற் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.