பதுமன் தேவி யார் மகள்?

சேர வேந்தரின் தாயர் யாவர் எனத் தேடப் புகுவோர்க்குக் கிடைக்கும் முதற்சான்று பதிற்றுப்பத்தின் பதிகங்களே. பாடல்களில் அரசியர் அழகும் கற்பும் பேசப்படும், பெயர் பேசப்படாது. ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் பிற்காலத்தார் எவரோ சேர்த்த பதிகம்தான் இன்னானுக்கு இன்னாள் ஈன்ற மகன் என்று தொடங்கி, வென்ற போர், பாடிய புலவர், பெற்ற பரிசில், ஆண்ட யாண்டு என்று கணக்கெழுதி வைக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1904இல் இந்நூலை அச்சிட்ட நாள்முதல் சேரர் வரலாறு எழுதியோர் அனைவரும் இக்கணக்கையே பற்றுக்கோடாகக் கொண்டுள்ளனர்.

அக்கணக்கில் ஒரு பெண் நம்மை நெடுநாளாக நிறுத்தி வைத்திருக்கிறாள். களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரலைப் பாடும் நான்காம் பத்தின் பதிகம், சேரலாதனுக்கு அவனை ஈன்றவளை 'வேளாவிக் கோமான் பதுமன் தேவி' என்கிறது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் எட்டாம் பத்தின் பதிகமும் அதே தொடரைச் சொல்கிறது. ஆனால் இங்கே கணவன் செல்வக்கடுங்கோ. ஆடுகோட்பாட்டுச் சேரலாதனுக்குரிய ஆறாம் பதிகத்திலோ பதுமன் பெயர் இல்லை. 'வேளாவிக் கோமான் தேவி' என்றளவில் நின்றுவிடுகிறது. மூன்று வேந்தர்க்குத் தாய், ஒரே அடையாளம். அவள் ஒருத்தியா, இருவரா, மூவரா? அதற்கும் முன்னதாக, பதுமன் அவளுக்கு என்ன முறை?

வேளாவி என்பது வேள் ஆவி. ஆவியர் குடி கொங்கின் தென்எல்லையான பொதினிக்கு உரியது, இன்றைய பழனி. நெடுவேள் ஆவியின் பொதினியை அகநானூறு பாடுகிறது; மயிலுக்குப் போர்வை தந்த வையாவிக் கோப்பெரும் பேகனும் இக்குடியினனே. பழனிக்கு அருகே மலையடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பிரிமணையும் நெல்மணிகள் நிறைந்த கலமும் ஈமக்குழியிலிருந்து வெளிப்பட்டன. அந்நெல்லுக்குப் பொ.ஆ.மு. 490 எனக் கிடைத்த காலக்கணிப்பு குறித்து வாதங்கள் உண்டு. எனினும் ஆவியரின் ஊர்ப்புறம் வேந்தர் பெண் கொள்ளத் தகாத காட்டுச் சிற்றூரன்று என்பதற்கு அக்குழியே போதும். பழனிமலையில் பிறக்கும் பொருந்தலாறு சண்முகநதியோடு கலந்து, சண்முகநதி ஆன்பொருநையாகிய அமராவதியில் விழுந்து, அமராவதி கரூரைத் தொட்டுக் காவிரி புகுகிறது. பொதினிப் பெண் கருவூர் செல்ல வழி கேட்கவே வேண்டியதில்லை. ஆற்றங்கரையைப் பிடித்து நடந்தால் போதும்.

அவள் அப்படிச் சென்றாளா என்பதுதான் வினா.

'பதுமன் தேவி' என்பதை ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் பதுமனுடைய தேவி என்றாகும். தேவி என்பது மகளையா குறிக்கும்? மனைவியைத்தானே? வேறொருவன் மனைவி சேரலாதனுக்கு எங்ஙனம் மகனை ஈன்றாள்? வகுப்பில் இப்பதிகத்தைத் தொடும்போதெல்லாம் எவரேனும் இதைக் கேட்டுவிடுகின்றனர். கேட்காத ஆண்டில்தான் நமக்குக் கவலை. உரையாசிரியர்கள் இதனைப் பதுமன் மகளான தேவி என்று கொண்டு கடந்தனர். நாவலர் சோமசுந்தர பாரதியார் 'சேரர் தாயமுறை'யில் சேரரிடம் மருமக்கள் தாயம் நிலவியது என வாதிட்டார். அவ்வழியே நோக்கினால் தொடர் முழுதும் திரும்பிவிடுகிறது. தேவி பதுமனின் மனைவியேதான். சேரலாதனுக்கு அவள் உடன்பிறந்தாள். 'சேரலாதற்கு' என்னும் நான்காம் வேற்றுமை, அவனுக்குத் தாயம் உரியவனாக ஈன்ற மகன் என்னும் பொருள் தரும். அதாவது அவள் பொதினியிலிருந்து கருவூர் வந்தவளல்லள். கருவூரிலிருந்து பொதினி சென்றவள். நார்முடிச் சேரலின் தந்தை கொங்கு வேளிருள் ஒருவனாகிவிடுவான். ஓர் உருபைப் பொறுத்துச் சேரர் குலமரபே இடம் மாறும்.

பெண்ணின் பிறப்பு ஆணின் பெயருக்குள் மறைவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் குடியேறி, 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா சென்ற ஸ்காட்ச்-ஐரிஷ் குடும்பங்களின் கொடிவழி தேடுவோர் இதே சுவரில்தான் முட்டிக்கொள்கின்றனர். நிலப்பத்திரமும் உயிலும் கணவன் பெயரில் இருக்கும். மனைவி முதற்பெயரோடு நிற்பாள். அவள் எவர் மகள் என்று சொல்லியிருக்கக்கூடிய ஏடுகள் பலவும் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்தன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் தாய் எலிசபெத், 1765இல் கணவனோடு அல்ஸ்டரிலிருந்து கடல் கடந்தவள். 1781இல் சார்ல்ஸ்டனில் போர்க்கைதிகளுக்குப் பணிவிடை செய்து நோயுற்று இறந்தாள். ஹட்சின்சன் என்னும் குடும்பப் பெயராவது அவளுக்கு எஞ்சியது. நம் தேவிக்கு எஞ்சியது 'தேவி' மட்டுமே. அது பெயர்கூட அன்று, பட்டம்.

பாரதியார் வாதத்துக்கு வலுவூட்டும் சான்று பதிகங்களிலேயே உண்டு. ஏழாம் பதிகம் செல்வக்கடுங்கோவின் தாயைச் சொல்லும்போது, ஒருதந்தை என்பான் ஈன்ற மகள் என்று வெளிப்படையாகக் கூறி, அவளைப் பொறையன் பெருந்தேவி என்கிறது. இங்கே தேவிக்கு முன் நிற்கும் பெயர் கணவனுடையது. மகள் என்று சொல்ல நினைத்த இடத்தில் பதிகக்காரர் மகள் என்றே சொல்லத் தெரிந்தவர்தாம். இதனை எளிதில் ஒதுக்க இயலாது.

எனினும் மறுதட்டு கனக்கிறது. இரண்டாம் பதிகம் 'வெளியன் வேண்மாள் நல்லினி' என்று தந்தை பெயரை முன்னிட்டே தாயைச் சுட்டுகிறது என்பது பலரும் ஒப்பிய கருத்து. செங்குட்டுவனின் தாயைச் 'சோழன் மணக்கிள்ளி' என்று ஐந்தாம் பதிகம் சொல்வது முதற்பார்வையில் ஓர் ஆண்மகன் ஈன்றதுபோல் மயக்கும். சிலப்பதிகாரமோ அவளைச் சோழன் மகள் என்று ஐயமறக் கூறுகிறது. சிலம்பு பிற்பட்டது என்பார்க்கு நாம் காட்டுவது கல். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டான் மலையில் சமணத் துறவிக்கு உறையுள் செய்தளித்த பிராமிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை நிரல்படுத்துகிறது. பொ.ஆ. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டினது. மருமகன் இல்லை, மாமன் இல்லை. மகன், மகன் என்று வரிசை இறங்குகிறது. இம்மூவரும் பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துத் தலைவரே என்பார் பலர். அங்ஙனமாயின் பெருங்கடுங்கோன் நம் தேவியின் மகனாகிறான். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு: ஒன்பதாம் பதிகம் இளஞ்சேரல் இரும்பொறையின் தந்தையைக் குட்டுவன் இரும்பொறை என்கிறது, கல் பெருங்கடுங்கோன் என்கிறது. பெயர்ப் பொருத்தம் முழுமையாக இல்லாவிடினும், கருவூர்ச் சேரர் தம் உரிமையைத் தந்தைவழியே எண்ணினர் என்பதைக் கல்வெட்டு நேரே காட்டுகிறது. எவர் எழுதியது என்றே தெரியாத பதிகத்தின் ஓர் உருபைவிட அவ்வரசர் வெட்டுவித்த கல்லை நம்புவதே முறை. பதுமன் தந்தை, அவள் பொதினியில் பிறந்து சேரர் மனை புகுந்தவள் என்றே நாம் கொள்கிறோம்.

எத்துணைப் பேர் புகுந்தனர்? சேரலாதனும் செல்வக்கடுங்கோவும் சேரரின் இருவேறு கிளையினர்; எனவே பதுமனுக்கு மகளிர் இருவராவது வேண்டும். இரு கிளையும் ஒரே வேளிடம் பெண் கொண்டது தற்செயலாகத் தோன்றவில்லை. மேலைக்கடற் பக்கத்துச் சேரர்க்கும் கருவூர்ச் சேரர்க்கும் இடையே ஆவியர் நாடு கிடந்தது. ஆறாம் பதிகத்துப் பதுமன் பெயர் விடுபட்ட தேவி இவ்விருவருள் மூத்தவளே என்பது பொதுவான துணிபு. ஆயினும் அங்குள்ள குடக்கோ நெடுஞ்சேரலாதன் இமயவரம்பனா, போர்க்களத்தில் சோழனோடு பொருது வீழ்ந்த அப்பெயரினனா என்பது முடியாதவரை அதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

பதுமனுக்கும் பேகனுக்கும் உறவு கூறும் பாடல் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று கருதத்தக்கது. பேகன் துறந்த மனைவிக்காகப் பரிந்து அவனிடம் பாடிய புறநானூற்றுப் புலவர் நால்வர்: கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார். நால்வரும் பதிற்றுப்பத்தில் ஆளுக்கொரு பத்துப் பாடியவர். கபிலர் செல்வக்கடுங்கோவையும் அரிசில்கிழார் அவன் மகனையும் பாடினர். சேரர் அவைக்கும் ஆவியர் மனைக்கும் ஒருங்கே உரிமை பூண்ட இந்நால்வரும் ஆவியர் குடிக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்காகப் பொதினி வாயிலில் நின்றிருக்கின்றனர். அவள் பெயர் கண்ணகி. அப்பெயரும் பாட்டில் இல்லை; பின்னோர் எழுதிய கொளுவில்தான் இருக்கிறது.