பாலர் பள்ளியும் திறந்த வெளியும்

அடம்பன் என்பது கடற்கரை மணலிற் படரும் ஒரு கொடியின் பெயர். ஆட்டுக் குளம்பை ஒத்த இலையும் ஊதா நிறப் பூவும் உடையது அக்கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்னும் பழமொழியை அறியாத ஈழத்துத் தமிழர் அரியர். மன்னார்ப் பெருநிலத்திலே, கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களின் நடுவே, அதே பெயரைத் தாங்கிய ஊர் ஒன்று உண்டு. அவ்வூர்ப் பாலர் தம் ஊரின் பெயரை ஏட்டில் எழுதப் பழகுகின்றனர். அப்பெயருக்குரிய கொடியைத் தொட்டறிந்தவர் அவருள் எத்தனை பேர்?

இலங்கைத் தமிழரின் பேச்சு வழக்கிலே பாலர் பள்ளிக்கு மொண்டிசோரி என்றும் பெயர். இத்தாலிய நாட்டு மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையாரின் பெயர் அது. ஒருவரது பெயரே பள்ளியின் பொதுப்பெயராவது பெரும்பேறுதான். ஆயினும் அம்மையார் கருதிய பள்ளி நான்கு சுவர்களுக்குள் அடங்குவதன்று.

உரோமாபுரியின் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோப் பகுதியில், 1907ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அவர் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1909இல் வெளியிட்ட நூலிலே செடிகளையும் பிராணிகளையும் பிள்ளைகள் பேணுவதற்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்தார். நீர் வார்க்க மறந்தால் செடி வாடும். தீனி வைக்க மறந்தால் பிராணி பட்டினி கிடக்கும். ஆசிரியர் கண்டிக்காமலே பிள்ளை தன் கடமையை உணர்கின்றது. விதை முளைக்கும்வரை காத்திருத்தலும் ஒரு பாடமே. ஜேர்மனியிலே புரோபெல் 1840இல் தம் பள்ளிக்குக் குழந்தைகள் தோட்டம் என்று பெயரிட்டபோதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாத்தி என்பது வெறும் உவமையாக இருக்கவில்லை.

1939ஆம் ஆண்டின் இறுதியில் அம்மையார் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் அவரிடம் பயின்றனர். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசு அவரைப் பகை நாட்டவராகக் கருதி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. 1942இல் அவர் கோடைக்கானலுக்குச் சென்றார். அந்தக் கட்டுப்பாடே கல்விக்கு நன்மையாய் முடிந்ததெனலாம். மலையும் ஏரியும் சோலையும் அங்கே பாடநூல்களாயின. தாவரங்களையும் உயிரினங்களையும் பற்றிய பாடங்களை உருவாக்குவதில் அம்மையாருக்கும் மாரியோவுக்கும் துணைநின்றவர் இலங்கையரான லேனா விக்கிரமரத்தின என்பது நம் நாட்டவர் நினைவிற் கொள்ளத்தக்கது. 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார்.

மொண்டிசோரி என்ற பெயர் ஊர்தோறும் பரவியது. உருளைகளும் மணிகளும் ஓரளவு பின்தொடர்ந்தன. தோட்டந்தான் வழியில் தங்கிவிட்டது. விலை கொடுத்து வாங்கும் உபகரணத்துக்கு உள்ள மதிப்பு, விலையின்றிக் கிடைக்கும் வேப்பங்கொட்டைக்கு இல்லை போலும்! மணல் ஒட்டிய தாளில் வெட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவுவதை அம்மையாரின் புதுமை என வியக்கிறோம். திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் மணலிலேயே விரலால் எழுதியதை மறந்தோம்.

இக்குறைக்கு வழி கண்டவர் பம்பாய் மாகாணத்துத் தாராபாய் மோடக் அம்மையார். 1945இல் போர்டி என்னும் கடலோரக் கிராமத்தில் ஏழைகளின் வீட்டு முற்றத்திலேயே பாலர் பள்ளியை நடத்தினார். கிளிஞ்சலும் விதையும் இலையும் கல்லும் அங்கே உபகரணங்கள். அவருக்கு உற்ற துணை அனுதாயி வாக். 1957இல் அவர்கள் கோஸ்பாடு மலைப்பகுதிக்குச் சென்று, வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடையே பணியாற்றினர். மாடு மேய்க்கும் பிள்ளைகள் பள்ளிக்கு வர இயலாமையால் பள்ளியே மேய்ச்சல் நிலத்துக்குச் சென்றது. முற்றத்துப் பள்ளிக்கு வழங்கிய அங்கன்வாடி என்ற பெயரை 1975இல் இந்திய அரசு தன் பாலர் நலத் திட்ட நிலையங்களுக்குச் சூட்டியது.

அடம்பனில் முற்றத்துக்கும் வயலுக்கும் குறைவில்லை. அச்சமே இடையில் வந்தது. போர்க்காலத்தில் ஊர்மக்கள் இடம்பெயர்ந்தனர். 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் போர்முனை அவ்வூரைக் கடந்தது. மக்கள் மீண்டபோது மண்ணில் மிதிவெடிகள் இருந்தன. பாதையை விட்டு இறங்காதே என்பதே அந்நாளில் பிள்ளைக்குக் கற்பிக்கவேண்டிய முதற்பாடம். உயிர் காத்த பாடம் அது. வெடிகளை அகற்றலாம். தாயின் நெஞ்சிற் பதிந்த அச்சம் அத்துணை விரைவில் அகலாது. வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியை முதலில் அந்தத் தாயோடு பேசவேண்டும். இயன்றால் அவளையும் உடன் அழைத்துச் செல்லவேண்டும்.

அந்த 2008ஆம் ஆண்டின் செப்டெம்பரிலேதான் அயலிலுள்ள வங்காலை, பறவைகளின் சரணாலயமாகப் பிரகடனம் பெற்றது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வாத்தினங்களும் பூநாரைகளும் அங்கே வந்திறங்கும். அடம்பன் பாலருக்கு அது எட்டாத தூரமன்று.